நாய் கடித்த ஏர்கன்

சிறுமலைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை அப்பாவுக்குக் கொடுத்த ஏர்கன். காக்கை விரட்டத்தான் ஆகும். இன்று அதைத் திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் விற்றேன்.

அதன் மரக்கட்டையைத் தடவிய கடைக்காரர், "என்ன தம்பி, இம்புட்டுப் பல்லுத் தடம்?" என்றார்.

"எங்க வீட்டு நாய் கடிச்சதுண்ணே."

"நாய் கடிச்சத எவன் வாங்குவான்?" என்று விலையைப் பாதியாகக் குறைத்தார். தலையாட்டித் தொலைத்தேன்.

மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போனால், வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "துரை சுட்டதும் சிறுத்தை பாஞ்சு கடிச்ச பல்லு இது! இந்தா நிக்கிற தம்பி வீட்டுத் துப்பாக்கிதான், கேட்டுக்கங்க."

த்தூ! குடையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

வாசலில் எங்கள் வீட்டுச் சிறுத்தை வாலாட்டியது.

உங்கள் வீட்டில் விலைபோகாத சாமான் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கடித்துத் தர ஆள் இருக்கிறது.