சகலையின் டர்போ கார்

செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் நல்லமுத்துவுக்குச் சகலை புனிதனைக் கண்டாலே ஆகாது. போர்டிக்சனில் வேலை பார்க்கும் புனிதன் டர்போ கார் வாங்கியதிலிருந்து மாமியார் அவன் புராணத்தையே பாடினார்.

ஒருநாள் மாமியாரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் புனிதனே நல்லமுத்துவிடம் காரைக் கொடுத்தான். "இந்தக் காடிக்கு வெல கூடுன தொண்ணூத்தேழு நம்பர் பெட்ரோல்தான் ஊத்தணும்ணே. தொண்ணூத்தஞ்சு ஊத்துனா எஞ்சின் தட்டும் லா" என்றான்.

வழியெல்லாம் மாமியார் சின்ன மருமகனையே மெச்சிக்கொண்டு வந்தார். நல்லமுத்துவுக்கு வயிறு எரிந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே மலிவான தொண்ணூற்றைந்தை டாங்கி நிறைய ஊற்றினான்.

மேடு ஏறும்போது எஞ்சின் 'டிக் டிக்' என்று தட்டியது. கெட்டுவிடுமோ என்று பயந்துபோய், மிதியிலிருந்து காலைத் தளர்த்தி, வீடுவரை மெதுவாகவே ஓட்டினான்.

வாசலில் காத்திருந்த புனிதனிடம் மாமியார், "பெரிய மாப்பிள்ள ஓட்டுனா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கு. நீ ஓட்டுனா வயித்தக் கலக்குதுப்பா" என்றார். புனிதனின் முகம் சுருங்கியது.

அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தான் நல்லமுத்து. பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது. மாமியார் உள்ளே போனதும், "தம்பி, நான் வேணும்னுதான் தொண்ணூத்தஞ்சு ஊத்துனேன். மேட்டுல தட்டுச்சு. அதனாலதான் மெதுவா வந்தேன்" என்று சாவியை நீட்டினான்.

புனிதன் சாவியை வாங்கிக்கொண்டான். "பரவால்லண்ணே, அந்தப் பெட்ரோல் தீர்ற வரைக்கும் நானும் மெதுவாவே ஓட்டுறேன்" என்றான். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அத்த, வாங்க, கோயிலுக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டான்.