இன்றைய மீனுக்குக் கவுண்டரில் கேட்கவும்

ஜொகூருக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு ஒரு டீ வாங்கத் தெரியவில்லை. விருதுநகரில் "ஒரு டீ" என்றால் டீ வரும். இங்கே அது பேச்சின் ஆரம்பம்தான். பால் ஊற்றியதா, பால் ஊற்றாததா, சூடா, ஐஸா, இனிப்பு குறைவா, அறவே வேண்டாமா, குவளையிலா, கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையிலா என்று எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் "தே ஓ ஐஸ் கொசோங், பங்குஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அது பாலும் சர்க்கரையும் இல்லாத ஐஸ் டீ, பங்குஸ் என்றால் நம் பார்சல் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் "டீ" என்றேன். "என்னா டீம்மா?" என்று சிரித்தார் கவுண்டரில் நின்ற பெண். அவர்தான் ரெஜினா அக்கா.

திரை வடிவமைப்பது என் தொழில். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரண்டு வருடம் கழித்து ரெஜினா அக்கா வேலை பார்த்த அதே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எங்களிடம் வந்தது. வாடிக்கையாளர்கள் தாங்களே திரையைத் தொட்டுச் சாப்பாடு சொல்லி, தாங்களே தட்டை எடுத்துப் போகும்படி ஓர் இயந்திரம் வேண்டும் என்றார் முதலாளி. என் வேலை பெர்மிட் முடியப் போகிற நேரம். இதை ஒழுங்காக முடித்தால் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்து என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் ரெஜினா அக்கா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். இதே ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற ஊரில் பிறந்தவர், பக்கத்து மாசாயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன பிறகே வேலைக்கு வருபவர். என் முதல் திரையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "மொத இங்க சாப்புடுறாங்களா, பங்குஸான்னு கேளுங்கம்மா. பெறகுதான் மத்தது. கொழம்பு படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு லா, யாருக்குத் தெரியும் எது கோழி எது ஆடுன்னு?" நான் கல்லூரியில் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்கவில்லை. மத்தியானம் தன் இலையிலிருந்து பாகற்காய் வறுவலை என் இலைக்குத் தள்ளுவார். இந்த நாட்டில் எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முதலாளி என் மேலாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. "மிஷின் வந்தா ரெண்டு ஆள் மிச்சம்." கவுண்டரில் ஆர்டர் எடுப்பவர் அக்கா. அந்த இரண்டில் ஒருவர் அவர்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

என் அப்பா சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவர். கை மட்டும் நுழைகிற ஒரு துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தே என்னைப் படிக்க வைத்தார். எல்லாரும் போனிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்ததும் கவுண்டரை மூடிவிட்டார்கள். பிறகு ஒரு மாதம் அவர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் கூடத்தில் நிற்பார். அப்படி இன்னொருவரை நிற்க வைக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீறாப்பு.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அந்தக் கடைக்குக் கூட்டம் வருவதே மீனுக்காக. மீன் பக்கத்தைத் தொட்டால் பட்டியல் வராது. "இன்றைய மீனுக்குக் கவுண்டரில் கேட்கவும்" என்று மட்டும் வரும். மீன் தினமும் மாறுவதால் இயந்திரத்தில் ஏற்ற முடியாது என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். காலையில் இரண்டு நிமிடம் தட்டினால் ஏறிவிடும். வேண்டுமென்றே ஒரு மோசமான திரையைச் செய்தது அதுதான் முதல் தடவை, அதில் எனக்குப் பெருமை வேறு. அக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே, "அப்படியாம்மா" என்றார். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

சோதனை நாளில் வரிசை இயந்திரத்தின் முன் ஒன்று, கவுண்டரின் முன் ஒன்று என்று இரண்டானது. திட்டுகள் மூன்று மொழியில் விழுந்தன. சாயங்காலம் முதலாளி என்னையும் மேலாளரையும் உட்கார வைத்து, அக்காவைக் கூப்பிட்டார்.

"மீன தெனமும் மாத்த முடியாதுன்னு இவங்க சொல்றாங்க. நீ முடியும்ங்கிற."

"முடியும் மொதலாளி," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். "எனக்காக அவங்கதான் அப்படி வச்சாங்க. நான் கேக்கல."

மறுநாள் என் தாள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

மோட்டார் சைக்கிளை எடுக்க வந்த அக்காவை மறித்தேன். "உங்களுக்காகத்தானே அக்கா செஞ்சேன்? இப்படிக் காட்டிக் கொடுத்துட்டீங்களே."

"பதினெட்டு வருஷமா நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சும்மா. மிஷின் வந்தா கேஷியர் நாற்காலி எனக்குன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. நீங்க என்னைய திரும்ப அதே எடத்துல நிக்க வச்சிட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அப்ப அந்த ரெண்டு ஆள்?"

"எல போட்டு தண்ணி வைக்கிறாங்களே, அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரும். அவங்களுக்குப் பெர்மிட் முடியுது. எங்க ஆளுங்க யாரையும் நிறுத்தல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ஒங்களுக்கு என்னாம்மா, ஊரு இருக்கு, போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்."

இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்குள்ள தமிழர்கள் ஊர்க்காரங்க என்பார்கள். 'எங்க ஆளுங்க' என்று அவர் போட்ட கோட்டுக்கு எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது. மன்னிக்க மட்டும் முடியவில்லை. தனியாக என்னிடம் வந்து "வேண்டாம்மா" என்று சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடைசியாக நான் செய்த வேலை, அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு மீன் பட்டியலை ஏற்றியது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அங்கே சாப்பிடப் போனேன். என் திரையைத் தொட்டேன், தடங்கலில்லாமல் வேலை செய்தது. கேஷியர் நாற்காலியில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஊர்க்காரர்களில் மூத்தவர் வந்து இலை போட்டார். நாற்பது வயதிருக்கும். இரண்டு வாரம் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன், அவர் பெயரைக் கேட்டதில்லை.

"ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்றார் தண்ணீர் தெளித்தபடி.

"விருதுநகர்."

"அட, நமக்குப் பரமக்குடி. பக்கந்தான். எப்பப் போறீங்க?"

"அடுத்த வாரம்."

"நாங்களும் இந்த மாசத்தோட கெளம்புறோம். மிஷின் வந்துருச்சுல்ல." இயந்திரத்தைத் தாடையால் காட்டினார். "எவன் செஞ்சானோ, நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

என் ஊர்க்காரி என்பதற்காக, நான் கேட்காமலேயே ஒரு துண்டு மீனைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். அக்கா பக்கமும் பார்க்க முடியாமல், அவர் போன பக்கமும் பார்க்க முடியாமல், இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டேன்.