ஓரடிக் குழாய்

பருவநிலை, மாசில்லா எரிசக்தி என்று இப்போது அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். எண்பதுகளில் இந்தத் தொழிலில் இறங்கியபோது பருவநிலை என்ற சொல்லை எங்களில் யாரும் வாயில் எடுத்ததில்லை. விறகு மிச்சமானால் காடு பிழைக்கும், புகை குறைந்தால் பெண்களின் கண் பிழைக்கும். எங்கள் கொள்கை அவ்வளவுதான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் புகையில்லா அடுப்பு கட்ட உதவியது. கட்டியது ஓர் உள்ளூர்த் தொண்டு நிறுவனம். அதைப் போய்ப் பார்த்து, இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டுபோகலாமா, எப்படிக் கொண்டுபோகலாம் என்று எழுதித் தர வேண்டியவள் நான். பொறியியல் முடித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. தருமபுரியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

அது மண்ணால் கட்டிய இரட்டை அடுப்பு. பின்னாலிருந்து ஒரு சிமெண்ட் குழாய் சுவரோரமாக ஏறி, கூரையைத் துளைத்து வெளியே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும். புகை அதன் வழியாகப் போய்விடும். நிறுவனத்தின் ஜீப்பில் போய் வீடு வீடாகப் பார்த்தேன். ஜீப் போகிற ரோட்டோரத்தில் இருந்தவை எல்லாம் ஓட்டு வீடுகள். ஓட்டுக்கு மேலே மூன்றடி எதற்கு, ஓரடி போதுமே, மிச்சப்படும் குழாயில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு அடுப்பு கட்டலாமே என்று எழுதினேன். ஒரு வீட்டில் அந்த அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதையும் கொஞ்சம் நையாண்டியாக எழுதிவைத்தேன். டைப் அடித்து அனுப்பிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடி பிறந்து சில நாட்கள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறக்கட்டளை என் ஆலோசனையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டதாம். மலையடிவாரத்தில் ஜீப் போகாத ஒரு சிற்றூரில், பன்னிரண்டு வீடுகளிலும் ஓரடிக் குழாய் வைத்து அடுப்பு கட்டி இரண்டு மாதம் ஆகிறதாம். அத்தனையும் புல் வேய்ந்த வீடுகள், ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சி, நன்றி என்று முடித்திருந்தார்கள்.

நின்றபடி படித்துக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்றடி எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புகையோடு பொறியும் வரும். மூன்றடி உயரத்தில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அணைத்துவிடும். ஓரடியில் அது நேராகப் புல்லின் மேல்தான் விழும். ஓட்டின் மேல் விழுந்தால் யாருக்கும் தெரியாது. புல்லின் மேல் விழுந்தால், அதுவும் ஆடிக் காற்றில்! நான் இயல்பிலேயே பயந்தவள், பல்லிக்குக்கூடப் பயப்படுவேன். ஆனால் அன்று வந்தது வேறு பயம். நான் எழுதிய ஒரு வரிக்குக் கீழே பன்னிரண்டு குடும்பங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன.

கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பென்னாகரம் போகிற வழியெல்லாம் ஜன்னல் வழியே புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தெரிந்தது. பக்கத்து சீட்டு அம்மாவிடம், எங்காவது வீடு எரிகிறதா என்று கேட்டேன். செங்கல் சூளை என்று சொல்லிவிட்டு, ஒருமாதிரியாக என்னைப் பார்த்தார்.

அடுப்பு கட்டிய கொத்தனார் பென்னாகரத்தில்தான் இருந்தார். பாய் என்று கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் கலவரப்படுத்தியது.

"கூரை வூட்டுக்கு இது பத்தாதேன்னு நான் கேட்டேங்க. பெரிய படிப்புப் படிச்ச அம்மா எழுதியிருக்காங்க, சொன்னதை மட்டும் செய்னாங்க. செஞ்சுட்டேன்" என்றார்.

நீளக் குழாய் வரவழைத்து மாட்ட நாலு நாள் ஆகும் என்றார். நிறுவனத்தாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், உடனே ஆரம்பியுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ் பிடித்து, மண்பாதை பிரியும் இடத்தில் இறங்கி நடந்தேன். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. பாதை ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். மேட்டின் உச்சியில் நின்று கூரைகளை எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.

முதல் வீட்டில் ஒரு பெண் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் யாரென்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஆபீசரம்மா வந்திருக்கிறார் என்று அடுத்த வீட்டுக்கும் சேதி போயிற்று. அடுப்பைப் பார்க்க உள்ளே போனேன். மெழுகி, கோலம் போட்டு வைத்திருந்தார். அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளித் தூளி தொங்கியது. அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையெல்லாம் பழுப்பேறிய பழைய புல்லாக இருந்தது. குழாயைச் சுற்றிலும் தூளிக்கு நேர் மேலேயும் மட்டும் புதுப் புல் வேய்ந்திருந்தார்கள்.

இங்கே என்ன ஆனது என்று கேட்டேன். எலி குதறிவிட்டதாகச் சொன்னார். எலி குதறினால் புல்லைத் தாங்கும் மூங்கில் வரிச்சு கரியாகாது. நான் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் களி கிண்டிக்கொண்டிருந்தபோது பற்றியதாம். வெளியே இருந்த கணவர்தான் பார்த்திருக்கிறார். பிள்ளையைத் தூக்கி வெளியே எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, மாட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி அணைத்திருக்கிறார்கள். மறுநாளே புதுப் புல் வைத்து மூடிவிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டதாம். ஏன் என்று கேட்டேன். ரோட்டோர ஊரில் ஒரு அம்மா அடுப்பில் கோழியை அடைவைத்ததை நான் எழுதியதாகவும், அடுத்த வாரமே நிறுவனத்துக்காரர்கள் வந்து அவர் வீட்டுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது. என் நையாண்டி அந்தப் பெண்ணின் அடுப்பைப் பறித்திருக்கிறது.

"எழுதிடாதீங்கம்மா. நாந்தாங்க காஞ்ச ஓலைய வெச்சு எரிச்சுப்புட்டேன். தப்பு என்மேலதான்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு உங்க மேல இல்லீங்க அக்கா. குழாய் குட்டையா இருந்தாப் போதும்னு எழுதுனது நாந்தான்."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் வெளிறிப்போயிற்று. நான் ஏதோ வாயைப் பிடுங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நீங்க ஏங்க அப்படிச் சொல்றீங்க? அடுப்பு நல்ல அடுப்புங்க. எடுத்துட்டுப் போயிடாதீங்க. இப்பத்தான் எனக்குக் கண்ணுல தண்ணி வடியறது நின்னுருக்குது."

எவ்வளவு சொல்லியும் தப்பை எனக்கு விட்டுத்தர அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் நாலு நாள் மட்டும் இந்த அடுப்பை மூட்ட வேண்டாம், நீளக் குழாய் வந்துவிடும் என்று கேட்டுக்கொண்டேன். சரிங்க என்றார். மற்றப் பதினோரு வீடுகளுக்கும் போய் அதையே சொன்னேன். எல்லோரும் சரிங்க என்றார்கள். புதிய அடுப்பு வேண்டுமானால் பழையதை இடித்தாக வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. அப்படியானால் நாலு நாளும் எதில் சமைப்பார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சரி என்ற வார்த்தை கிடைத்ததே போதும் என்று கிளம்பினேன்.

வெயில் சாய்ந்து, ராத்திரிக் களிக்கு உலை வைக்கும் நேரம். மேட்டில் ஏறும்போது பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தருமபுரி போனதும் அறக்கட்டளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே உச்சிக்கு வந்து திரும்பிப் பார்த்தேன்.

பன்னிரண்டு குழாய்களிலும் புகை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூரையோரத்திலும் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். சிலர் ஏணியில், ஒருவர் நிறுத்திய மாட்டு வண்டியின் மேல், ஒரு கிழவர் கவிழ்த்த உரலின் மேல். எல்லோர் கையிலும் குடமோ சட்டியோ இருந்தது. குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொறி விழுந்த இடத்தில் ஒருவர் கை நிறையத் தண்ணீர் அள்ளித் தெளித்ததைப் பார்த்தேன். பதறாமல், தினமும் செய்கிற வேலையைப் போலச் செய்தார். ஒரு மாதமாக இந்த ஊரில் சமையல் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. நான் கண்ணிலிருந்து மறையட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

கடிதமெல்லாம் மறந்துபோய் ஊரைப் பார்த்து இறங்க ஆரம்பித்தேன். பாதி வழியில் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். ஒரு குரல் கேட்டது. உரலின் மேல் நின்ற கிழவர் சட்டியை ஒளித்துக்கொண்டு கீழே இறங்கினார். அப்புறம் வண்டியின் மேல் இருந்தவர். அப்புறம் ஏணிகளிலிருந்து ஒவ்வொருவராக. உள்ளே பன்னிரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன, காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஆபீசரம்மா கோபமாக வருகிறார் என்று நினைத்து, அவர்கள் இன்னும் வேகமாக இறங்கினார்கள்.