தள்ளிவிட்டுக் கேட்ட ஐந்தாவது பாட்டு

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. போன கோடையில், நல்ல வெயில் நாள். விழுப்புரத்தில் என் அலுவலக மேசையில் உட்கார்ந்து அவளுடைய பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது முறையாக எழுதிய தேர்வு. போன முறையைவிட மதிப்பெண் குறைந்திருந்தது. உடனே அவளுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

அவள் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குப் பேசினேன்.

"ரிசல்ட்டு வந்த ஒடனே பையத் தூக்கிக்கினு கெளம்பிடுச்சி சார். ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லுச்சி. மூஞ்சே சரியில்ல. நான் எழுந்திருக்கறதுக்குள்ள படி எறங்கிடுச்சி" என்றார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம். அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் புதிய பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை படிக்கட்டையே பார்த்தேன். அவள் இல்லை. வீட்டிலிருந்து என் மனைவி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரிங்கு போயிக்கினே இருக்குது, எடுக்க மாட்றா. நீங்க எதுனா திட்டினீங்களா?"

"எடுத்தாதானே திட்டறதுக்கு! நான் வண்டிய எடுத்துக்கினு திண்டிவனம் போவட்டுமா?"

"நீங்க அந்தப் பக்கம் போவ, அவ இந்தப் பக்கம் வந்துட்டான்னா? அங்கயே நில்லுங்க."

நின்றேன். தேர்வு முடிவு வரும் நாட்களில் செய்தித்தாளில் என்னென்ன படிக்கிறோம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஏரி இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. அதுவரை அவை எனக்கு வெறும் ஏரியும் ரயில் பாதையும்தான்.

திரும்ப அவளைக் கூப்பிடப் போனபோது, அவசரத்தில் விரல் தவறி பாட்டுக் கேட்கும் செயலியில் பட்டுவிட்டது. அதில் எனக்கும் அவளுக்கும் ஒரே கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு ஃபோனில்தான் பாட்டு ஓடும். நான் போட்டால் அவளுடையது நின்றுவிடும். "அப்பா, என் பாட்ட நிறுத்தாத" என்று வாரத்துக்கு ஒரு சண்டை வரும். திரையின் அடியில் ஒரு சிறிய பட்டை தெரிந்தது. வேறொரு ஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

என் ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் ஆல்பம் என்றால், நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கேசட். ஒரு பெண் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரும் டிரம்ஸும் அதிரத் தமிழில் பாடியது. சினிமாப் பாட்டு இல்லை என்பதால் யாரும் சீண்டவில்லை. அறைத் தோழர்கள், "இன்னாடா, இந்தம்மா சண்டைக்கு வர்ற மாரியே பாடுது?" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. காதல் முறிந்ததைப் பாடும்போதுகூட அவர் கெஞ்ச மாட்டார். தனியாக வாடகை வீடு தேடி அலையும் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. அதில் டிரம்ஸ் கதவைத் தட்டுவதுபோலவே விழும். உச்சத்தில் குரல் லேசாக உடையும். அதை மறைக்க மாட்டார். பிறகு அவர் வேறு ஆல்பம் போட்டதாகத் தெரியவில்லை. பல வருடம் கழித்துச் செயலியில் அகப்பட்டது. மகள் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் போட்டுக் காட்டினேன். "யாருப்பா இவங்க, செமயா பாடறாங்க" என்றாள்.

இப்போது இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் கோடு மெதுவாக நகர்ந்தது. என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்தக் கோடுதான். நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் அது நின்று நின்று போவதைக் கவனித்தேன். மனைவிக்குப் பேசினேன்.

"கொஞ்ச நேரம் அவளுக்கு ஃபோன் பண்ணாத. பாட்டு நின்னுடுது."

"இன்னா பாட்டு? உங்களுக்கு மூள கீள கொழம்பிடுச்சா?" என்று அழுதாள்.

மூன்றாவது பாட்டு, நான்காவது பாட்டு. தலைப்பு மாறும்போதெல்லாம் மூச்சு வந்தது. பிறகுதான் உறைத்தது. ஆல்பம் தன்பாட்டுக்கு ஓடும். கேட்க ஆள் வேண்டும் என்பதில்லை. ஃபோன் எங்கேயாவது கிடந்தால்கூட ஒன்று முடிந்து அடுத்தது வரும். பக்கத்துத் தூணில் சாய்ந்தேன். பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை நகர்த்தினார்.

"இன்னா சார், வந்ததுலேர்ந்து ஃபோனையே மொறச்சிக்கினு கீற? லாட்டரியா? குந்து மொதல்ல."

உட்கார்ந்தேன். ஐந்தாவது பாட்டு தொடங்கியது.

அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. டிரம்ஸ் இல்லாமல் கிடாரோடு தொடங்கும். இரண்டாவது அடியில் பாடகி தடுமாறி அப்படியே நின்றுவிடுவார். கேசட் கோளாறு என்று கடையில் போய்ச் சண்டை போட்டு வேறு கேசட் வாங்கினேன். அதிலும் அதே இடத்தில் நின்றது. வந்த சரக்கே மோசம் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அதை ஓட்டித் தள்ளிவிட்டு ஆறாவதுக்குப் போய்விடுவேன். மகளிடமும், "அஞ்சாவதத் தள்ளிடு, அது ரெக்கார்டிங் கோளாறு" என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவள் தள்ளவில்லை. கோடு பாதிவரை போனது. பிறகு சட்டென்று ஆரம்பத்துக்கு வந்தது.

நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் பாதி தாண்டியது. மறுபடியும் ஆரம்பத்துக்கு வந்தது. பாட்டு தானாக முன்னால் போகும், பாதியில் தானாகப் பின்னால் வராது. ஒரு விரல் தள்ள வேண்டும்.

"பாட்டத் திருப்பிப் போட்றாம்மா!" என்று கத்தியே விட்டேன்.

"பாட்டுதானே சார், அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் அந்த அம்மாள். விஷயத்தைச் சொன்னதும் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். "வருது சார், நவுருது பாரு, நவுருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது அந்தப் பட்டை மறைந்தது. கூப்பிட்டால் ஃபோன் அணைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ப முடியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அந்த ஐந்தாவது பாட்டைப் போட்டு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பாடகி தடுமாறினார். நின்றார். ஒரு மூச்சு கேட்டது. கோளாறு இல்லை, அவரே அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். "ம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். தடுமாறிய இடம் வந்தபோது குரலை உயர்த்தவில்லை, தணித்து அந்த அடியைக் கடந்தார். அங்கேதான் டிரம்ஸ் உள்ளே வந்தது. அதன் பிறகு அந்தப் பாட்டு எழுந்த எழுச்சியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆல்பத்தின் உயிரே அதுதான். எங்கள் தலைமுறையில் இவ்வளவு துணிச்சலாக யாரும் பாடியதில்லை என்று இன்றும் சொல்வேன். அத்தனை கூட்டத்தில், வாயில் உப்புக் கரிக்க, முதல் முறையாக அதை முழுதாகக் கேட்டேன்.

கேட்டு முடிக்கும் நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மல்லாட்டைக் கடலை மூட்டைக்கும் இரண்டு பெண்களுக்கும் நடுவிலிருந்து என் மகள் இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. சட்டையெல்லாம் வியர்வை. பையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பைபாஸ்லயே எறக்கி வுட்டுட்டாம்பா. பஸ்ஸு ஊருக்குள்ள வராதாம். ஏறும்போதே சொன்னா இன்னா அவனுக்கு?"

இப்போதெல்லாம் அவள் எதைப் பற்றிக் குறை சொன்னாலும் நான் குறுக்கே பேசுவதில்லை; எதிரில் நின்று குறை சொல்ல அவள் வந்து சேர்ந்தாளே என்ற நடுக்கம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.