கமிட்டிக்குப் போன கிரேன் ஆபரேட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் எட்வர்ட் இருபத்து மூன்று வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். முப்பதடி உயரத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கூண்டு. அங்கே எட்டு மணி நேரம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது அவருக்கு ஒத்துப்போனது. மாதர்பாக்கம் பக்கத்துக் காலனியில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே வாய் குறைவு. சர்ச்சில் பாட்டுப் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பார். "இவருக்கும் சேத்து நான்தான் பேசிக்கினு இருக்கேன்" என்பாள் அவர் மனைவி ஜெபா.

அப்படிப்பட்டவரைத்தான் கமிட்டியில் போட்டார்கள்.

ஆலைக்கு ஓர் அறக்கட்டளை உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுப்பது அதன் வேலை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கமிட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவதாக ஒரு தொழிலாளியையும் மூன்று வருஷத்துக்குச் சேர்ப்பது என்று முடிவானபோது ஆலையின் இரண்டு சங்கங்களும் ஆளுக்கொரு பெயரைக் கொடுத்தன. ஒரு சங்கம் கொடுத்த பெயரை மற்றது ஏற்கவில்லை. ஒரு மாதம் இழுத்தது. கடைசியில், எந்தச் சங்கத்துக் கூட்டத்துக்கும் போகாத, யாருடனும் சண்டை போடாத ஆள் யார் என்று தேடினார்கள். எட்வர்டின் பெயர் வந்தது. இரண்டு தரப்பும் உடனே ஒத்துக்கொண்டன.

முதல் கூட்டத்தில் அவர் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் வைத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். முதலாளியின் மருமகள்தான் தலைவர். மேடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அறக்கட்டளையின் மேலாளர் சரவணன் திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி மாறி வருகிற இளைஞர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு வரியில் விளக்குவார். மற்றவர்கள் பேசுவார்கள். எட்வர்ட் முந்திரி பிஸ்கட் தின்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விடுவார். மூன்று கூட்டங்கள் இப்படியே கழிந்தன.

நான்காவது கூட்டத்துக்கு முன்னால் அவருடைய சித்தப்பா மகன் ரகு வீட்டுக்கு வந்தான். ரகு பந்தல், சேர் வாடகைக்கு விடுகிறவன். காலனிப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தப் போவதாகவும், அதற்காக டிரஸ்ட் ஒன்று பதிவு செய்திருப்பதாகவும் சொன்னான்.

"நீ ஒரு வார்த்த சொன்னா போதும்ணா. நம்ம காலனிக்கு யாரு இன்னா செஞ்சாங்க இதுவரிக்கும்?"

அது எட்வர்டுக்கு நியாயமாகப் பட்டது. கூட்டத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "தெரிஞ்ச பசங்கதான் சார். நல்லா செய்வாங்க." பேசாத ஆள் பேசியதில் மேடத்துக்கே மகிழ்ச்சி. அறுபது நாற்காலிகள், கரும்பலகை, இரண்டு டீச்சர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம். எல்லாம் அன்றே ஒப்புதலானது.

ஏழெட்டு மாதம் கழித்து எளாவூரில் ஒரு காதுகுத்துக்கு எட்வர்டும் ஜெபாவும் போனார்கள். பந்தலில் உட்காரப் போனபோது, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் அறக்கட்டளையின் பெயர் இருந்தது. பக்கத்து நாற்காலியிலும் இருந்தது. வரிசை முழுக்க இருந்தது. எட்வர்ட் உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை. ஜெபாவை அங்கேயே விட்டுவிட்டு நேராக ரகுவின் கடைக்குப் போனார்.

"ஞாயித்துக்கெழம வகுப்பு இல்லியேணா. சும்மாதான கெடக்குது?" என்றான் ரகு.

"மத்த நாள்ல நடக்குதா?"

ரகு ஒரு பந்தல் கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான். எட்வர்ட் காலனிக்குப் போய் விசாரித்தார். இரண்டு மாதம் நடந்ததாம். ஒரு டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டார். இன்னொருவர் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதோடு சரி.

அவர் திரும்பி வந்து கேட்டபோது ரகு குரலை உயர்த்தினான். "இன்னாணா, உன் ஊட்டு துட்டா அது? கம்பெனிக்காரன் குடுத்தது. உனக்கு இன்னா பேஜாரு?"

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை.

மறுநாள் எட்வர்ட் சரவணனின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். "நான்தான் சார் சொன்னேன். எம்மேலதான் தப்பு. என் பேர எடுத்துடுங்க."

சரவணன் எழுந்து வந்து அவரை உட்கார வைத்தார். "அண்ணா, இந்த மாதிரி நாலு இடம் எனக்கே தெரியும். வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான். நீங்க போயிட்டா எப்பிடி?"

எட்வர்ட் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, இருப்பதானால் தனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும் என்றார். விண்ணப்பங்களைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே தமிழில் தர வேண்டும். தன் வார விடுமுறையில் அந்த இடங்களுக்குப் போய்ப் பார்க்கத் தன்னை விட வேண்டும். சரவணனுக்கு இது கூடுதல் வேலைதான். ஆனாலும் சரி என்றார்.

அதற்குப் பிறகு எட்வர்டின் பைக் போகாத ஊர் இல்லை. சொல்லாமல் போவார். வாசலில் நின்று பார்ப்பார். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டே, "இந்த எடம் தெனமும் தெறக்குறாங்களா?" என்று கேட்பார். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரம்மா அவரைக் கேஸ் சிலிண்டர்காரர் என்று நினைத்து அடுப்படி வரைக்கும் அழைத்துப் போய்க் காட்டினாள். அன்றைக்கு உலையில் இருந்த அரிசி எவ்வளவு நல்லது என்பதை அவர் கூட்டத்தில் அப்படியே சொன்னார். அந்த இல்லத்துக்கு நிதி கிடைத்தது. பளபளவென்று புத்தகம் போட்டு அனுப்பியிருந்த வேறொரு நிறுவனத்தின் கதவில் இரண்டு மாதத் தூசி இருந்தது. அதையும் சொன்னார்.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு விண்ணப்பம் வந்தது. கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம். எழுதியவர் ஈஸ்வரி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து விலகியவர். பிரஸ் மெஷினிலும் ரோலரிலும் விரலை இழந்த தொழிலாளிகளுக்கு மிச்சமிருக்கிற கையைப் பழக்குவதற்காக, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்.

"இத பட்டியல்ல சேக்கல அண்ணா," என்றார் சரவணன். "நம்ம கமிட்டி ஒத்துக்காது. கம்பெனி பேர்ல இத செஞ்சா, கை போறதுக்கு நாமதான் காரணம்னு ஆயிடும்னு சொல்வாங்க."

"நான் பாத்துட்டு மட்டும் வர்றேன் சார்."

அறை சின்னது. நீள மேஜை ஒன்று. அதன் மேல் சட்டைப் பித்தான்கள், பூட்டு சாவி, தண்ணீர் பாட்டில், தகர டப்பாவில் பயறு. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் இரண்டு விரலால் பயறைப் பொறுக்கி வேறு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தபோது எட்வர்டுக்கு அடையாளம் தெரிந்தது. வரதன். அவருடைய ஆலையிலேயே ஒப்பந்த வேலையில் இருந்தவன். கீழிருந்து அவருக்குக் கை காட்டிச் சைகை செய்வான். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவர் பாரத்தை இறக்குவார். ஒரு நாள் ரோலரில் கை மாட்டியது, ஆம்புலன்ஸ் வந்தது, அடுத்த நாள் வேறோர் ஆள் சைகை செய்தான். வரதன் ஊருக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். எட்வர்ட் அதை அப்படியே நம்பினார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னாணா, எங்க இந்தப் பக்கம்?" என்று வரதன் சிரித்தான்.

எட்வர்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார். வரதன் பயறைப் பொறுக்கி முடிக்கும் வரை அங்கேயே இருந்தார்.

ஈஸ்வரி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஆஸ்பத்திரி கேசு?" என்றார். அறக்கட்டளை என்று தெரிந்ததும் முகம் மாறவில்லை. "ஏழு எடத்துக்கு எழுதிப் போட்டேன். யாரும் வரல. நீங்க வந்தீங்க. டீ குடிக்கிறீங்களா?"

கூட்டத்தில் எட்வர்ட் பட்டியலில் இல்லாத விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சரவணன் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் படித்தார். அவர் சொன்னதும் சரவணன் சொன்னதேதான்: இது நம் தலையில் விழும்.

"மேடம், அவன் நம்ம ஆளுதான்," என்றார் எட்வர்ட். "வரதன்னு பேரு. மூணு வருஷம் எனக்குக் கீழ நின்னு சைக காட்னான். அவனுக்குக் கை போனதுக்கு யாரு காரணம்னு நான் இங்க பேச வரல. இப்ப அவன் சட்டைக்குப் பித்தான் போடக் கத்துக்கினு இருக்கான். அத சொல்லிக்குடுக்குற அம்மாவுக்கு வாடகை குடுக்க முடியல. அவ்ளோதான் மேடம்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சொல்லி முடித்தபோது அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. இரண்டு பேர் எதிர்த்தார்கள். மேடம் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். ஒரு வருஷத்துக்குப் பார்க்கலாம் என்றார். வாடகை, வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஆனால் கம்பெனி பெயர் எங்கேயும் வரக் கூடாது. பெயர்ப் பலகையில், படத்தில், எதிலும்.

எட்வர்டுக்கு அந்த நிபந்தனை பிடிக்கவில்லை. தந்த மாதிரியும் இருந்தது, மறைத்த மாதிரியும் இருந்தது. ஈஸ்வரியிடம் அதைச் சொல்வதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தார்.

"பேரு போட வேணாமா?" என்று ஈஸ்வரி கேட்டார். "நல்லதாப் போச்சு. பெயிண்ட் செலவு மிச்சம்."

வரதன் மட்டும் சிரிக்கவில்லை. "நான் அங்க வேல செஞ்சதுக்கும் அப்பிடித்தான்ணா, ரெஜிஸ்டர்ல பேரே இல்ல," என்றான்.

ஒரு வருஷம் முடிந்து நிதி மறுபடி நீட்டிக்கப்பட்டது. அதற்குள் எட்வர்டின் பதவிக் காலமும் முடிந்தது. இப்போது அந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஜெகன் இருக்கிறார். வரதன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வண்டி வந்து போகும் நேரம் எழுதுகிறான், இடது கையால். ரகு இன்னும் பேசுவதில்லை.

ஞாயிறு காலைகளில் எட்வர்ட் தேர்வாய் கண்டிகைப் பக்கத்திலிருந்து பஸ் கிடைக்காதவர்களைப் பைக்கில் ஏற்றி அந்த அறையில் கொண்டுவந்து விடுகிறார். போன மாதம் ஒரு நாள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றத் தடுமாறுவதை ஈஸ்வரி கவனித்தார். தோளை அழுத்திப் பார்த்தார். இருபத்து மூன்று வருஷமாக ஒரே பக்கம் லிவர் இழுத்ததில் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது.

"எத்தினி நாளா வலிக்குது?"

"அது கெடக்குதும்மா."

"கெடக்குதா? உக்காருங்க இப்பிடி," என்று ஒரு ரப்பர் பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார் ஈஸ்வரி. "பத்து வாட்டி இழுங்க. எண்ணிக்கினே இழுக்கணும், எனக்குக் கேக்கணும்."

எட்வர்ட் உட்கார்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கினார்.