பெட்டியை வீடு என்றார்கள்

சாமான்களைப் பத்திரமாக வைக்க இரும்புக் கண்டெய்னர்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அதியமான்கோட்டையில் ஒரு அம்மாவுக்குக் கொடுத்த பெட்டியைத் திரும்ப எடுக்கப் போயிருந்தேன். ஒல்லியான உருவம், ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கொதித்த கைப்பிடியின் மீது, தினமும் செய்து பழகியவராக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

சாலையை அகலப்படுத்த அவர் வீட்டை இடித்துவிட்டார்கள். சாமான்களை எங்கள் பெட்டியில் போட்டுத் தம்பியின் நிலத்தில் வைத்திருந்தார். அனுமதி இல்லாத கட்டடம் என்று அந்தப் பெட்டிக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது.

"நாங்க குடியிருந்தது வூடே இல்ல, ஆக்கிரமிப்புன்னாங்க. இப்ப இந்தத் தகரப் பெட்டிய வூடுங்கறாங்க," என்றார்.

பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் புழுதியில் இறங்கின. கிரேன் பெட்டியைத் தூக்கியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த வருசம் சோலார் ஃபேன் வச்ச பெட்டி வருதுங்கம்மா. உள்ள சூடே இருக்காது," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதையும் தூக்கிட்டுப் போக நீங்கதான வருவீங்க?"

நான் லாரியில் ஏறிக்கொண்டேன். அந்தக் குரலில் இருந்தது கோபமா, கேலியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.