ஆளுக்குத் துளி ஜாதிக்காய்

மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் பல குடித்தனங்கள். என் ஐந்து மாதக் குழந்தை பகலில் தூங்காமல் அழுவான். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் எனக்கு யோசனை சொல்வார்கள்.

"ஜாதிக்காயை இழைச்சு நாக்குல தடவு" என்றார் மாமியார். தடவினேன். மத்தியானம் எதிர்க் குடித்தனத்து மாமி அவனைத் தூக்கிப்போய், தூங்கவைத்துக் கொண்டுவந்து விட்டார்.

சாயங்காலம் எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. கையைத் தூக்கினால் துவண்டு விழுந்தது. மாமியார், மாமியோடு டாக்டரிடம் ஓடினேன்.

"என்ன குடுத்தீங்க?"

"ஜாதிக்காய்" என்றேன்.

"நானும் துளி குடுத்தேன்" என்றார் மாமி.

"நீங்களுமா? இவ தடவினது போறாதுன்னு நான் வேற தடவினேனே!" என்றார் மாமியார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணுதானேம்மா நீ?" என்று கத்தினார்.

வெகுநேரம் கழித்துக் குழந்தை வீரிட்டு அழுதபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பும்போது ரிக்‌ஷாவில் மாமி, "இனிமே ஓமத் தண்ணி குடுடி, ஒண்ணும் பண்ணாது" என்றார்!

என்னைக் கேட்காமல் குழந்தை வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை பகலில் தூங்குவதும் இல்லை. அழட்டும், தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.